காடைக்குத் தீனி போட்டது யார்?

ஒரு ஏக்கருக்கு வருஷத்துக்கு 2 புஷல் சோளம். நம் கணக்கில் சுமார் 50 கிலோ. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் தெற்கும் ஃபுளோரிடா மாநிலத்தின் வடக்கும் சேருகிற ‘ரெட் ஹில்ஸ்’ என்னும் செம்மண் மேட்டு நிலத்தில், வேட்டைப் பண்ணைகளில் காடைகளுக்கு இறைக்கப்படும் தீனியின் அளவு இது. டிராக்டருக்குப் பின்னால் ஒரு இறைக்கும் எந்திரத்தை மாட்டிக்கொண்டு, புதர்களுக்கு நடுவே போட்டிருக்கும் தடத்தில், 15 நாளைக்கு ஒருமுறை வருஷம் பூராவும் இறைக்கிறார்கள். 5,000 ஏக்கர் பண்ணை என்றால் 10,000 புஷல். ஏறக்குறைய 250 டன் தானியம். தின்பது கைக்கு அடங்குகிற ஒரு தரைக் குருவி. குளிர்காலத்தில் அந்தக் குருவியைச் சுடப்போவது நிலத்தின் சொந்தக்காரரும் அவருடைய விருந்தாளிகளும்.

“சுடுறதுக்காகன்னாலும் இவ்வளவு செலவு பண்ணி வளர்க்கிறாங்களே, அவங்க இல்லேன்னா அந்தக் குருவி எப்பவோ அழிஞ்சிருக்கும்” என்று சொல்கிறவர்கள் உண்டு. இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. 1966 முதல் எடுக்கப்பட்டுவரும் பறவைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இந்தக் காடை 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. ரெட் ஹில்ஸ் போன்ற சில இடங்களில்தான் இன்னமும் கூட்டம் கூட்டமாக இருக்கிறது. ஆனால் இது பாதிக் கதை. இந்த டிராக்டர்கள் வருவதற்கு முன்னால், அடிமை முறை ஒழிந்த காலத்திலிருந்து இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு, அதே மண்ணில் யாரும் டன் கணக்கில் தானியம் இறைத்ததில்லை. ஆனாலும் காடை ஏராளமாக இருந்தது. அப்போது அதற்குத் தீனி போட்டது யார்? கதையின் மறுபாதி அங்கே இருக்கிறது.

1

அமெரிக்கக் காடைக்கு ‘பாப்வைட்’ என்று பெயர். ஆண் பறவை ‘பாப்-வைட்’ என்று கூவுவதால் வந்த பெயர். நம்ம ஊர்க் காடைக்குத் தூரத்துச் சொந்தம். மரத்தில் கூடு கட்டாது. தரையில் புல்லை வளைத்து அதற்குள் முட்டையிடும். ஒரு ஈட்டுக்கு 12, 14 முட்டை. 23 நாள் அடை. குளிர்காலத்தில் பத்துப் பதினைந்து பறவைகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, வால் உள்ளே, தலை வெளியே என்று வட்டமாக ஒட்டி உட்கார்ந்து தூங்கும். ஆபத்து வந்தால் ஒரே நொடியில் நாலாப் பக்கமும் சிதறிப் பறக்கும். துப்பாக்கிக்காரர்கள் ஆசைப்படுவது அந்த ஒரு நொடிக்குத்தான்.

இதற்கு வேண்டியது மூன்று. முதலாவது, களை விதை. இரண்டாவது, பூச்சி: பொரித்த முதல் சில வாரங்கள் குஞ்சுகள் பூச்சி தின்றுதான் வளரும். மூன்றாவது, பருந்திடமிருந்து ஒளிந்துகொள்ளப் புதர். புதருக்குக் கீழே வெறுந்தரை தெரிய வேண்டும். அடர்ந்து கிடக்கும் புல்லுக்குள் குஞ்சால் நடக்க முடியாது. இந்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். வெயில் நுழையாத காட்டில் இந்தப் பறவை வாழாது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர் போட்ட வயலிலும் வாழாது. துண்டு துண்டாக உழுத நிலம், வேலியோரக் களை, இரண்டு வருஷம் விட்டுப்போட்ட தரிசு, அடிக்கடி லேசாக எரிகிற பைன் தோப்பு - இப்படிக் கலந்து கிடக்கும் பூமியில்தான் வாழும். ரெட் ஹில்ஸில் அப்படியொரு பூமியை உண்டாக்கி வைத்திருந்தவர்கள் கறுப்பினக் குத்தகை விவசாயிகள்.

2

அந்த மண்ணின் பூர்வகுடிகளை விரட்டிவிட்டுத்தான் பருத்திப் பண்ணைகள் வந்தன. 1860 கணக்கெடுப்பில், தலஹாசி நகரம் இருக்கும் லியோன் மாவட்டத்தில் ஏறக்குறைய நாலு பேரில் மூன்று பேர் அடிமைகள். 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. அந்த வருஷம் ஜனவரியில் தளபதி ஷெர்மன், தென் கரோலினாவிலிருந்து ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரையுள்ள கடற்கரைப் பட்டையில் விடுதலையான குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை நிலம் என்று உத்தரவு போட்டார். சில மாதங்களிலேயே ஜனாதிபதி ஆண்ட்ரு ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய எஜமானர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். ரெட் ஹில்ஸ் அந்தப் பட்டைக்குள் வரவேயில்லை. அங்கே விடுதலைக்கு அர்த்தம், அடிமையாக உழுத அதே நிலத்தை இனிக் குத்தகைக்கு உழுவது என்பதுதான்.

பெரிய பண்ணை, சிறு சிறு துண்டுகளாக ஆயிற்று. ஒரு குடும்பம், ஒரு கோவேறு கழுதை, அதனால் உழ முடிகிற அளவு நிலம். பருத்தி எஜமானுக்கும் கடைக்காரனுக்கும். வீட்டுக்கு மக்காச்சோளம், தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கடலை. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும். நம்மில் பலருக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

1880களில் ஜார்ஜியாவின் தாமஸ்வில் நகரம் வடக்கத்திப் பணக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வரும் ஊராயிற்று. வந்தவர்கள் காடையைப் பார்த்தார்கள். பருத்தி நொடித்துப்போய் மலிவாகக் கிடந்த நிலத்தையும் பார்த்தார்கள். 1895-ல் நியூயார்க்கின் எட்வர்ட் பீடல் ஒரு பண்ணையை வாங்கி ‘டால் டிம்பர்ஸ்’ என்று பெயர் வைத்தார். 1896-ல் கிளீவ்லாந்தின் ஹானா குடும்பம் ‘பெப்பிள் ஹில்’ பண்ணையை வாங்கியது. பின்னால் எண்ணெய், இரும்பு, வங்கி என்று சம்பாதித்த பலரும் வந்தார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர்கள் வேட்டைப் பண்ணைகளாயின. அடிமைக் காலத்துப் பண்ணைகள் துண்டுபட்டுப் போகாமல் புதுப் பணத்தின் கையில் மறுபடியும் முழுசாகச் சேர்ந்தன.

குத்தகைக்காரர்களை அவர்கள் வெளியேற்றவில்லை. அதற்குத் தயவு காரணமல்ல. குடிசைகள் இருக்கிற பக்கம்தான் காடை இருக்கிறது என்பது வேட்டைக்காரனுக்குத் தெரியும்.

ஏன் இருந்தது? குத்தகை விவசாயியின் வயல் சின்னது, அதனால் ஓரம் அதிகம். மூலைகளில் கழுதையால் திரும்ப முடியாது. அங்கே களை மண்டும். அறுவடைக்குப் பிறகு தாளோடு சேர்த்து விட்டுவிடுவார்கள். உதிர்ந்த தானியமும் பயறும் மண்ணில் கிடக்கும். சத்துப்போன துண்டை இரண்டு வருஷம் ஆறப் போட்டால், துணியில் ஒட்டிக்கொள்ளும் காய் காய்க்கிற ஒரு பயறுச் செடி முளைக்கும். அது காடைக்கு உயிர். இதையெல்லாம் பார்த்த வெள்ளைக்காரர்கள் “சோம்பேறி விவசாயம்” என்றார்கள். வேலியோரத்தைச் செதுக்காதவன் விவசாயத்துக்கே லாயக்கில்லாதவன் என்பது அவர்கள் பாடம். அந்தச் செதுக்காத ஓரத்தில் வளர்ந்த பறவையைச் சுடத்தான் நியூயார்க்கிலிருந்து ரயிலேறி வந்தார்கள்.

3

காடையை வளர்த்தவர்கள் காடையைத் தின்ன முடிந்ததா?

அடிமைக் காலத்தில், எஜமான் அளந்து கொடுக்கிற மக்காச்சோள மாவையும் பன்றிக்கொழுப்பையும் வைத்து உயிர் வாழ முடியாது. ராத்திரியில் கண்ணி வைத்தும் குச்சிப் பொறி வைத்தும் பிடித்த முயல், ஒப்போசம், காடைதான் பிள்ளைகளுக்குக் கறி. விடுதலைக்குப் பிறகு வேட்டைக்கு இன்னொரு அர்த்தம் வந்தது. காட்டிலிருந்து நாலு நாள் சோறு கிடைக்கிறவன் சொன்ன கூலிக்கு வேலைக்கு வரமாட்டான். பருத்தி எஜமானர்களின் புலம்பலே இதுதான்: “துப்பாக்கியும் நாயும் வச்சிக்கிட்டு சுத்துறான், வயலுக்கு வரமாட்டேங்கிறான்.”

சட்டம் வேலை செய்யத் தொடங்கியது. 1865-லேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலையான கறுப்பர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்தது. பிறகு அத்துமீறல் சட்டங்கள் வந்தன. மேய்ச்சலுக்கும் வேட்டைக்கும் பொதுவாகத் திறந்து கிடந்த நிலம் மூடப்பட்டது. அடுத்து வேட்டைச் சட்டங்கள். 1907-ல் அலபாமா, 1911-ல் ஜார்ஜியா என்று ஒவ்வொரு மாநிலமாக உரிமம், பருவம், காவலர் என்று ஏற்படுத்தின. பறவையைக் காப்பாற்ற இவை தேவைப்பட்டன என்பது உண்மை. சந்தைக்காகக் கொன்று குவித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தக் காலத்து வேட்டைப் பத்திரிகைகளில் பழி போட்டது யார் மேல்? விளையாட்டுக்காகச் சுட்டால் கனவான். வயிற்றுக்காகப் பிடித்தால் திருடன். அந்தத் திருடனுக்குக் கறுப்பு முகம். ஸ்காட் கில்ட்னர் என்ற வரலாற்றாசிரியர் 2008-ல் வெளியிட்ட நூலில், தெற்கின் வேட்டைச் சட்டங்களுக்குப் பின்னால் கறுப்பினத்தாரின் உழைப்பைக் கட்டுக்குள் வைக்கும் நோக்கம் எப்படி ஓடியது என்று விரிவாகக் காட்டியிருக்கிறார்.

வேட்டை நாளில் அவர்கள் இல்லாமலும் முடியாது. கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியை ஓட்டியவர் கறுப்பினத்தவர். நாய்களைப் பழக்கி, கூட்டம் எந்தப் புதரில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுத்தவர் கறுப்பினத்தவர். விழுந்த பறவையைத் தேடி எடுத்தவர், சமையலறையில் இறகு பறித்தவர், பரிமாறியவர் எல்லாம் அவர்களே. பறவைக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் இருந்த எல்லா வேலையும் அவர்களுடையது. விசை மட்டும் அடுத்தவர் விரலில்.

4

நெருப்பின் கதையையும் சொல்ல வேண்டும். குளிர்காலம் முடியும்போது குத்தகை விவசாயிகள் பைன் தோப்புகளின் தரைக்கு நெருப்பு வைப்பார்கள். காய்ந்த புல்லும் சருகும் எரியும், மரம் எரியாது. பாம்பும் உண்ணியும் ஒழியும், மாட்டுக்கு இளம்புல் வரும், அடுத்த வருஷ உழவுக்கு நிலம் சுத்தமாகும். பூர்வகுடிகளும் எரித்தார்கள், மாடு மேய்த்த ஏழை வெள்ளையரும் எரித்தார்கள். எரிந்த தரையில் களைச் செடி முளைக்கும், பூச்சி பெருகும், குஞ்சு நடக்க இடம் கிடைக்கும்.

படித்த வனவியலார் நெருப்பைப் பாவம் என்றார்கள். 1920களின் கடைசியில் அமெரிக்க வனவியல் சங்கம் வண்டிகளில் சினிமாப் படச்சுருளை ஏற்றிக்கொண்டு தெற்கு முழுக்கப் போய், எரிக்காதே என்று பிரச்சாரம் செய்தது. 1940-ல் ஒரு மனோதத்துவ நிபுணர், இந்த ஜனங்கள் பொழுதுபோகாமல்தான் காட்டை எரிக்கிறார்கள் என்கிற விதமாகக் கட்டுரை எழுதினார்.

இதற்கிடையே ரெட் ஹில்ஸில் காடை குறைகிறதே என்று பண்ணை முதலாளிகளுக்குக் கவலை வந்தது. 1924-ல் அவர்கள் பணம் போட, மத்திய அரசின் உயிரியல் ஆய்வுத் துறை ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் என்பவரை அனுப்பியது. அவர் கல்லூரிப் படிப்பில்லாதவர். சிறுவயதில் ஃபுளோரிடா மாட்டுக்காரர்களோடு வளர்ந்து நெருப்பைப் பார்த்தவர். நாலு வருஷ ஆய்வுக்குப் பிறகு, நெருப்பு இல்லாமல் காடை இல்லை என்று எழுதினார். வன இலாகாவின் எதிர்ப்பால் நெருப்பு பற்றிய அத்தியாயத்தைப் பலமுறை திருத்தி எழுத வேண்டியிருந்தது. 1931-ல் நூல் வந்தது. அதைக் காடை ஆய்வின் மூலநூல் என்று இன்றும் சொல்கிறார்கள்.

ஸ்டாடர்ட் நேர்மையான ஆள். குத்தகைக்காரர்களின் துண்டு வயலும் நெருப்பும் காடைக்கு நல்லது என்பதை அவர் மறைக்கவில்லை. சிக்கல் அவருக்குப் பிறகு அறிவு போன வழியில் இருக்கிறது. ஸ்டாடர்டுக்கு ரெட் ஹில்ஸிலேயே ஒரு பண்ணை முதலாளியிடமிருந்து நிலம் கொடையாகக் கிடைத்தது. 1958-ல் டால் டிம்பர்ஸ் பண்ணை ஆராய்ச்சி நிலையமாயிற்று. 1962-ல் அங்கே நெருப்புச் சூழலியல் பற்றிய முதல் மாநாடு கூடியது. 1990-ல் ஃபுளோரிடா மாநிலம் முறைப்படி எரிப்பதற்கென்றே சட்டம் போட்டது. பயிற்சி பெற்று எரிப்பவருக்குச் சான்றிதழ் உண்டு. பாட்டன் காலத்திலிருந்து எரித்தவன் பெயர் அந்தச் சான்றிதழில் எங்கேயும் இல்லை. அவன் செய்தபோது அது அறியாமை. அடுத்தவர் செய்தபோது அது விஞ்ஞானம்.

5

அவர்கள் போய்விட்டார்கள். 1910-லிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கைவிட்டு வடக்குக்கும் மேற்குக்கும் கிளம்பினார்கள். பருத்தியில் விழுந்த காய்ப்புழு வண்டு ஒரு காரணம். டிராக்டர் ஒரு காரணம். மரத்தில் தூக்கிலிட்டுக் கொல்லும் வெள்ளைக் கும்பல் பெரிய காரணம். சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் கூலி இருந்தது. அங்கே எஜமானைப் பார்த்தால் தொப்பியைக் கழற்ற வேண்டியதில்லை. யார்தான் இருப்பார்கள்?

குடிசைகள் காலியாயின. வயல்களில் புதர் மண்டியது, புதர் காடாயிற்று. காடை குறைந்தது. அப்போதுதான் பண்ணை முதலாளிகளுக்குச் செலவு தொடங்கியது. குத்தகைக்காரன் சும்மா செய்துகொண்டிருந்ததை இனி டிராக்டர் வைத்துச் செய்ய வேண்டும். அவன் விட்டுப்போன துண்டு வயல்களின் அளவிலேயே காட்டுக்குள் துண்டு துண்டாக உழுதார்கள். பயிர் போட அல்ல, களை முளைக்க. அவன் உதிரவிட்ட தானியத்துக்குப் பதிலாக நான் மேலே சொன்ன 2 புஷல் சோளம். தீனி பக்கத்திலேயே கிடைத்தால் பறவை அலையாது, பருந்தின் கண்ணில் படுவது குறையும். அதனால் தீனி போடுகிற இடத்தில் பறவை அதிகம் பிழைக்கிறது. இது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம்.

இவ்வளவு செய்ய வசதியில்லாத, அல்லது பொறுமையில்லாத நில உடைமையாளர்கள் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள்: கூண்டில் வளர்த்து விடுவது. முட்டையை இன்குபேட்டரில் 23 நாள் வைக்கிறார்கள். பொரித்த குஞ்சு கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட வேண்டும், இல்லாவிட்டால் விழுந்து செத்துப்போகும். பூச்சிக்கு ஈடாக 28 சதவீதம் புரதமுள்ள தீவனம். வளர்ந்த பிறகு பறந்து பழக நீளமான வலைக்கூண்டு. மனித முகத்தை அதிகம் காட்டக்கூடாது. மூன்று, நாலு மாதம் ஆனதும் இலையுதிர் காலத்தில் புதரும் தீனியும் இருக்கிற இடமாகப் பார்த்துத் திறந்து விடுகிறார்கள்.

பிறகு? பெரும்பாலானவை சில வாரங்களுக்குள் செத்துவிடுகின்றன. வேட்டைப் பருவம் தாண்டி வசந்தத்தில் கூடு கட்ட மிஞ்சுவது மிகச் சில. பருந்தைப் பார்த்தால் உறைந்து நிற்கவும், எந்த விதையைத் தேடவும், எந்தப் புதரில் ஒதுங்கவும் அதற்குச் சொல்லிக்கொடுக்கப் பெரிய பறவை இல்லை. இது புதுச் செய்தியும் அல்ல. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மெக்சிகோவிலிருந்து ஆயிரக்கணக்கில் காடைகளை ரயிலில் கொண்டுவந்து அமெரிக்க மாநிலங்களில் விட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. நிலம் சரியில்லாமல் பறவையை மட்டும் கொண்டுவந்து கொட்டினால் நிற்காது. அந்த நிலத்தைச் சரியாக வைத்திருந்த ஜனங்களைத் துரத்திவிட்டு, அவர்கள் வேலையை மூட்டையிலும் கூண்டிலும் வாங்கிவிடலாம் என்று பார்க்கிறார்கள்.

6

கடைசியாக ஒரு கணக்கு. 2004-ல் அமெரிக்க விவசாயத் துறை ஒரு திட்டம் கொண்டுவந்தது. காடைக்காக வயலின் ஓரத்தை உழாமல், களை வளர விட்டால் அந்த ஓரத்துக்கு அரசு வாடகை கொடுக்கும். சோம்பேறி என்று திட்டு வாங்கிய அதே வேலியோரம், இப்போது காசு.

அந்தக் காசை வாங்கக் கறுப்பின விவசாயிகள் எத்தனை பேர் மிச்சம்? 1920-ல் அவர்கள் 9 லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். 2022 விவசாயக் கணக்கெடுப்பில் 50,000-க்கும் குறைவு. இதே விவசாயத் துறை கறுப்பின விவசாயிகளுக்குக் கடன் கொடுப்பதில் பாகுபாடு காட்டியது என்று அவர்கள் போட்ட ‘பிக்ஃபோர்ட்’ வழக்கு 1999-ல் சமரசத்தில் முடிந்தது. அரசு 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்க வேண்டிவந்தது. பணம் வந்தவர்களுக்கும் போன நிலம் திரும்பி வரவில்லை.

எங்கேயோ இருக்கிற காடையைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கலாம். 1946-ல் டாக்டர் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தீண்டப்படாதோரின் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தாரின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்லி, அவர்களைப் பற்றிப் படிப்பது நமக்கு அவசியம் என்றார். அவர்கள் பட்ட அடிகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம், எழுதியிருக்கிறோம். அவர்கள் செய்த வேலையையும், அந்த வேலைக்குள் இருந்த அறிவையும் அதே அளவுக்குப் படிக்க வேண்டும். ஒடுக்கப்பட்டவன் நிலத்தில் வெறும் கையும் காலுமாக இருந்தான், மூளை வேறு எங்கேயோ இருந்தது என்கிற வரலாறுதான் நிலத்தை அவனிடமிருந்து பறித்ததை நியாயப்படுத்துகிறது.

நம் பக்கத்திலும் ஏரி மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் இருக்கிறார்கள். எந்தத் தரிசில் எந்தப் பறவை முட்டையிடும், எந்தக் கரம்பை எப்போது உழக்கூடாது என்று தெரிந்த தாத்தா பாட்டிகள் சேரியில் இன்னும் இருக்கிறார்கள். ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவத் தோழர்கள் நூலகத்துக்குப் போவதற்கு முன்னால் அவர்களிடம் போய் உட்காருங்கள். என்ன செய்தீர்கள், யாருக்காகச் செய்தீர்கள், கூலி என்ன கொடுத்தார்கள், அந்த நிலம் இப்போது யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். பேரைப் போட்டு எழுதி வையுங்கள்.